செல்லத்தின் வலது பெருவிரல்

செல்லம் கடைசியாகக் கைநாட்டு வைத்தது 1976-ஆம் வருஷம். அப்போது அவளுக்கு இருபத்துநான்கு வயது. மூத்தவள் சந்திராவுக்கு மூன்று வயது. இரண்டாவதாகப் பிறந்த பெண் குழந்தை மூன்றாம் நாள் இறந்துபோக, செல்லம் காய்ச்சலோடு ஒரு மருத்துவ முகாமில் படுத்திருந்தாள். சட்டைப் பையில் இரண்டு பேனா செருகிய ஒருவர் தாளும் மைத்தட்டுமாக வந்து, "வீட்டுக்குப் போவணும்ல, ஒரு உருட்டு உருட்டும்மா" என்றார். அவள் விரலைக் கொடுத்தாள். மறுநாள் அவளுக்குக் குடும்பக் கட்டுப்பாடு செய்துவிட்டார்கள். நெருக்கடிநிலையில் ஊருக்கு ஊர் கணக்குக் காட்ட வேண்டியிருந்த காலம் அது. கேட்பதற்கும் ஆளில்லை, கேட்டால் சொல்வதற்கும் ஆளில்லை.

புருஷன் பஞ்சநாதன் கெட்டவன் அல்ல. படகு வேலைக்கு ஒழுங்காகப் போனான், அடித்ததில்லை. ஆனால் வீட்டில் எந்தச் சண்டை எதில் தொடங்கினாலும் ஓர் இடத்தில் வந்து முடியும்: "நீதானே வச்சிட்டு வந்தே." அவன் 1999-இல் ஈரல் கெட்டுச் சாகும்வரை, இருபத்துமூன்று வருஷம், இதைச் சொன்னான். தாளை நீட்டியவன் யார் என்று ஒருமுறையும் கேட்கவில்லை. குற்றம் எப்போதும் தாளை விட்டுவிட்டு விரலைப் பிடித்துக்கொள்கிறது.

அந்த முகாமுக்குப் பின் தாள் நீட்டும் இடங்களுக்கு அவள் போகவில்லை. ரேஷன் கடைக்குப் புருஷனை அனுப்பினாள். ஓட்டுச்சாவடியில் விரலில் வைக்கும் மைக்குக்கூட ஒரு நொடி தயங்கினாள். 1990-இல் வலை உலர்த்தும் கொட்டகையில் அறிவொளி வகுப்பு நடந்தபோது, மீன் விற்றுவிட்டு வந்து கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து பெயர் எழுதக் கற்றாள். கூட இருந்த பெண்கள் பாதியில் நின்றுவிட்டார்கள். அவள் நிற்கவில்லை. எழுத்துக் கூட்டிப் பேருந்துப் பலகை படிக்கவும் அவளுக்கு வந்தது. ஆனால் அவளுக்கு வேண்டியிருந்தது கையெழுத்து ஒன்றுதான். ப.செல்லம். அதைப் போட அரை நிமிஷம் ஆகும். மீனைத் தட்டில் அடுக்குவதுபோல் ஓர் எழுத்தை வைத்து, தள்ளிப் பார்த்து, அடுத்த எழுத்தை வைப்பாள்.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் நெரவியில் மீன் விற்றுக்கொண்டிருந்தாள். அதனால் உயிரோடு இருக்கிறாள். வீடு இல்லை. நிவாரண வரிசையில் நானூறு பேர் நின்றார்கள். சீக்கிரம் முடியட்டும் என்று எல்லோரிடமும் கைநாட்டே வாங்கினார்கள். செல்லம் மட்டும் பேனா கேட்டாள். எழுத்தர் தலையில் அடித்துக்கொண்டார். பின்னால் நின்ற சொந்தக் குப்பத்துக்காரர்களே, "கலெக்டரம்மா கையெழுத்து போடுறாங்க, வழி விடுங்க" என்று கூவினார்கள். அவள் அரை நிமிஷம் எடுத்துக்கொண்டு, போட்டுவிட்டுத்தான் நகர்ந்தாள்.

இந்த ஒரு பிடிவாதம் தவிர அவளிடம் சொல்லிக்கொள்ளும்படியான வீம்பு எதுவும் கிடையாது. அதிகாலையில் துறைக்குப் போவாள், மீன் எடுப்பாள், பேருந்து ஏறுவாள். திங்கள் அம்பகரத்தூர், புதன் திருநள்ளாற்றுப் பக்கம், ஞாயிறு நெரவி. சனிக்கிழமை அந்தப் பக்கமெல்லாம் மீன் வாங்க ஆள் இருக்காது. அன்று வீட்டில் கருவாடு புரட்டுவாள். சந்திராவைப் பக்கத்துக் குப்பத்திலேயே கட்டிக் கொடுத்திருந்தாள்.

2007 ஏப்ரலில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி, படகெல்லாம் கரையில் ஏறிக் கிடந்தபோதுதான் சினிமாக்காரர்கள் வந்தார்கள்.

பிரெஞ்சுப் படம். நூற்றைம்பது வருஷத்துக்கு முன் காரைக்காலிலிருந்து கப்பலேற்றிக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்ட கூலிகளைப் பற்றியது. ஆட்களைத் திரட்டவும் பேச்சை மொழிபெயர்க்கவும் திருஞானசம்பந்தத்தைப் பிடித்தார்கள். அவர் நெரவிக்காரர். பிறப்பு இறப்புப் பதிவேடுகள் இருக்கும் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பிரிவை இன்றும் பிரெஞ்சில் 'எத்தா சிவில்' என்றுதான் சொல்வார். பிரெஞ்சு படித்தவர்கள் ஊரில் குறைந்துகொண்டே வந்ததில் அவருக்கு மதிப்புக் கூடியிருந்தது. செல்லத்திடம் இருபது வருஷமாக மீன் வாங்குகிறவர். குப்பத்துப் பெண்களைக் கூப்பிட அவர் முதலில் அவளிடம்தான் வந்தார்.

"வேலை ஒண்ணும் பெருசா இல்லைம்மா. நிக்கணும், நடக்கணும். சாப்பாடு போட்டுருவாங்க."

"வெயில்லயா?"

"சினிமான்னா வெயில்லதான்."

"அதுக்கு மீன் வித்துட்டுப் போயிரலாம். சரி, மீனும் இல்ல. எத்தினி பேரு வேணும்?"

முப்பது பெண்கள் போனார்கள். அரசலாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் பனையோலையும் பலகையுமாக, கப்பல் வரும்வரை கூலிகளை அடைத்துவைத்த பழைய டிப்போ போல ஒன்றை எழுப்பியிருந்தார்கள். வாசலில் இரண்டு பெண்கள் நின்றார்கள். ஒருத்தி வெள்ளைக்காரி, நெட்டையாக, தலையில் தொப்பி வைத்திருந்தாள். இன்னொருத்தி கறுப்பு, நடுத்தர உயரம், சுருள்முடி. முப்பது பேரும் வெள்ளைக்காரிக்கு ஒரே குரலில் "வணக்கம் மேடம்" சொன்னார்கள். செல்லத்தின் பக்கத்து வீட்டுக்காரி ஞானசௌந்தரி கறுப்புப் பெண்ணிடம் போய், "ஏம்மா, டீ எப்ப குடுப்பீங்க? வெறும் வயித்தோட வந்திருக்கோம்" என்றாள்.

திருஞானசம்பந்தம் ஓடி வந்து, "ஏய், அவங்கதான் டைரக்டரு" என்று பல்லைக் கடித்தார்.

அவள் பெயர் சொலாஞ்ஜ். அந்தக் கரும்புத் தோட்டங்கள் இருந்த ரெயூனியோன் தீவில் பிறந்தவள். அவள் பாட்டனுக்குப் பாட்டி இந்தக் கரையிலிருந்து கப்பலேறியவள். முகத்தைப் பார்த்தால் ஞானசௌந்தரிக்குத் தங்கை என்று சொல்லலாம். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. நடந்ததை மொழிபெயர்த்துச் சொன்னதும் அவள் சிரித்து, பாரீஸிலும் இப்படித்தான் கேட்பார்கள் என்றாள். பிறகு அவளே போய் டீக்குச் சொன்னாள். வெள்ளைக்காரி, உடை பார்க்கிறவள்.

முதல் வேலை தாள். ஆளுக்கு இரண்டு பக்கம். ஒன்று பிரெஞ்சு, ஒன்று ஆங்கிலம். நீட்டிய உதவியாளன் கையோடு மைத்தட்டும் கொண்டு வந்திருந்தான். குப்பத்துப் பெண்கள் என்றால் மைத்தட்டு என்று அவனுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. யாரும் சொல்லாமலேயே தெரிந்திருக்கும். செல்லம் பேனா கேட்டாள். அவன் புருவத்தை உயர்த்தி, சந்தோஷப்பட்டு, தன் பேனாவையே கொடுத்தான்.

"என்னா சார் எழுதியிருக்கு?" என்று செல்லம் கேட்டாள்.

திருஞானசம்பந்தம் மேலோட்டமாகப் பார்த்தார். சின்ன எழுத்து, வெயில், பின்னால் இன்னும் இருபது பேர். "ஒண்ணுமில்ல. படம் புடிக்கச் சம்மதம்னு. எல்லாருக்கும் ஒரே தாள்தான்" என்றார்.

ப.செல்லம் என்று அரை நிமிஷத்தில் எழுதிக் கொடுத்தாள். எழுதி முடித்ததும் வழக்கம்போல் ஒருமுறை தள்ளிப் பார்த்தாள். அதில் அவளுக்கு எப்போதும் ஒரு நிறைவு இருந்தது.

அடுத்த வேலை சாயம். நாற்காலியில் உட்கார வைத்து, கைகளிலும் கழுத்திலும் முகத்திலும் பழுப்பும் கறுப்புமாக ஏதோ குழைத்துப் பூசினார்கள். கதாநாயகியாக நடிக்கப் பாரீஸிலிருந்து வந்த பெண் வெளுப்பு. அவளுக்குப் பூச இரண்டு மணி நேரம் ஆனது. அவள் பக்கத்தில் இவர்கள் நின்றால் நிறம் ஒட்டவில்லையாம். அதனால் இவர்களுக்கும் பூச்சு.

"ஏக்கா, கடக்கரையில பொறந்து வெயில்ல காஞ்சது பத்தாதாமா?" என்றாள் ஞானசௌந்தரி.

"பேசாம இருடி. என் மவ கல்யாணத்துக்கு ஆறு மாசம் பவுடரப் பூசி வெளுக்க வச்சேன். மூணே நாளுல வேர்வையில கரைஞ்சு போச்சு. இவங்க பூசுறதாவது நிக்குதான்னு பாப்பம்" என்றாள் செல்லம்.

"டைரக்டரம்மாவுக்குப் பூச வேணாம்."

"அவங்க எசமானி. எசமானிக்கு யாரு பூசுவா?"

பூசிக்கொண்டிருந்த பெண் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கேட்டாள். திருஞானசம்பந்தம் மொழிபெயர்க்கவில்லை.

சொலாஞ்ஜ் முதல் நாளே செல்லத்தின் கையைக் கவனித்துவிட்டாள். மதியச் சாப்பாட்டில் மீன் சரியாக அரியவில்லை என்று செல்லம் சமையல்காரனை விலக்கிவிட்டு அரிவாள்மணையில் உட்கார்ந்தபோது, எதிரே குத்துக்காலிட்டு அமர்ந்து அந்தக் கைகளையே பார்த்தாள். பெருவிரலில் செதிலும் முள்ளும் கிழித்த கோடுகள், உப்பில் ஊறித் தடித்த தோல். கைபேசியில் படம் எடுத்தாள்.

"மூஞ்சிய விட்டுட்டுக் கையப் புடிக்குது பாரு" என்றாள் செல்லம்.

நான்காம் நாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்கள். கூட்டத்தில் நின்ற முப்பது பேரில் அவளுக்கு மட்டும் ஒரு காட்சி. கதையில் அவள் கதாநாயகிக்கு முன்னால் வரிசையில் நிற்கும் பெண். மேசைக்கு வர வேண்டும். துரை வேஷக்காரன் தலையை நிமிர்த்தாமல் பிரெஞ்சில் ஏதோ கேட்பான். பிறகு அவள் முகத்தை ஒருமுறையும் கையை ஒருமுறையும் கிட்டத்தில் எடுப்பார்கள். ஒத்திகையில் மேசைமேல் ஒன்றும் இல்லை. செல்லம் நடந்து வந்து நின்றாள், கையை மேசைமேல் வைத்தாள், போனாள். நன்றாக வந்தது என்றார்கள்.

ஐந்தாம் நாள் காலை, விளக்கும் கேமராவும் தயாரான பிறகு, மேசைமேல் மைத்தட்டு இருந்தது. பக்கத்தில் தலைப்பாகை கட்டிய சேவகன் வேஷக்காரன். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து, பெருவிரலை மையில் ஒத்தி, தாளில் உருட்ட வேண்டும்.

அவன் மணிக்கட்டைப் பிடித்ததும் செல்லம் உதறிக்கொண்டு பின்னால் போனாள்.

"என்னாச்சு?" என்றார் திருஞானசம்பந்தம்.

"பேனா குடுக்கச் சொல்லுங்க."

"இது நடிப்பும்மா."

"நடிக்கறேன். பேனா குடுக்கச் சொல்லுங்க."

சொலாஞ்ஜ் எழுந்து வந்தாள். அவள் பொறுமையானவள். அந்தக் காலத்துப் பெண்ணுக்கு எழுதத் தெரியாது, இது நீங்கள் இல்லை, அவள், என்று சொல்லச் சொன்னாள். திருஞானசம்பந்தம் சொன்னார்.

"விரலு அவளோடதா?" என்று கேட்டாள் செல்லம். "என் விரலுதானே. படத்துல தெரியப்போறது என் விரலு. மை என் விரலுல. அப்புறம் அவ எங்க வந்தா?"

திருஞானசம்பந்தம் இதை அப்படியே மொழிபெயர்த்தார். நடிப்பைப் பற்றி எழுதியவர்கள் பலரிடமும் இதற்குப் பதில் இருப்பதாகத் தெரியவில்லை. முகம் வேறொருவரின் முகமாக ஆகலாம். ஒரு விரல் வேறொருவரின் விரலாக எப்படி ஆகும்?

சொலாஞ்ஜ் மறுபடி சொன்னாள். இந்தப் படமே அந்தப் பெண்களுக்கு நடந்த அநியாயத்தைச் சொல்லத்தான். அவர்களுக்குத் தெரியாத மொழியில் எழுதி, விரலைப் பிடித்து உருட்டி, கடலுக்கு அப்பால் அனுப்பிவிட்டார்கள். அதைப் பார்க்கிறவர்களுக்குக் காட்ட வேண்டும். அவளுடைய சொந்தப் பாட்டியின் கதை இது.

"அவங்க பாட்டி கதைன்னா அவங்க விரல வைக்கட்டும். கறுப்பாத்தானே இருக்காங்க. பூச்சுகூட வேணாம்."

திருஞானசம்பந்தம் கொஞ்சம் தயங்கி, பிறகு அப்படியே சொல்லிவிட்டார். சுற்றி நின்றவர்களில் யாரோ சிரித்து அடக்கினார்கள். சொலாஞ்ஜ் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். வழுவழுப்பான விரல். இதில் உழைப்பு இல்லை, யாரும் நம்ப மாட்டார்கள் என்றாள். அது உண்மைதான். அதைச் சொல்ல அவளுக்குக் கஷ்டமாக இருந்தது என்பதும் தெரிந்தது.

ஞானசௌந்தரி கூட்டத்திலிருந்து, "நான் வைக்கறேங்க, எனக்கென்ன" என்று குரல் கொடுத்தாள். சொலாஞ்ஜ் அதைக் காதில் வாங்கவில்லை. அவளுக்கு இந்தக் கைதான் வேண்டும். தன் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு தாளை எடுத்து வந்தாள். பாட்டனின் பாட்டி கையொப்பமிட்ட ஒப்பந்தத்தின் நகல். பார்த்தால் இவள் மனம் இளகும் என்று நினைத்திருப்பாள்.

திருஞானசம்பந்தம் அதை வாங்கி, முப்பத்தைந்து வருஷப் பழக்கத்தில் முதலில் அடிப்பக்கத்தைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"மேடம், இதுல விரல் ரேகை இல்லை. கீறல்தான் இருக்கு. அந்தக் காலத்துல ரேகை உருட்டுற வழக்கம் இங்க வரலை. நான் பழைய ஏடெல்லாம் பார்த்திருக்கேன். பேனாவைக் குடுத்து ஒரு கீறல் போடச் சொல்லுவாங்க" என்று பிரெஞ்சிலும் தமிழிலும் சொன்னார்.

தெரியும், என்றாள் சொலாஞ்ஜ். பெருவிரல் வைத்தால் யாருக்கும் உடனே புரியும், அதனால் மாற்றிக்கொண்டோம்.

செல்லம் தாளைக் கேட்டு வாங்கினாள். பெருக்கல் குறி மாதிரி இரண்டு கோடுகள். ஒன்று நேராக, மற்றது முடிகிற இடத்தில் இழுத்துப் போயிருந்தது. விரலால் அதைத் தடவினாள்.

"இது அவ போட்டதா?"

"ஆமா."

"அப்ப அவ பேனா புடிச்சிருக்கா."

திருஞானசம்பந்தம் அதைச் சொலாஞ்ஜுக்குச் சொன்னார். அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். பல வருஷமாகப் பையில் வைத்துத் திரிந்த தாள் அது. எத்தனையோ பேரிடம் காட்டியிருப்பாள். பாட்டியிடமிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டார்கள் என்று அவளும் நம்பினாள். பாட்டியின் கையில் ஒரு நொடி இருந்த பேனாவை அவளே பிடுங்கியிருந்தாள், பார்க்கிறவர்களுக்குப் புரிவதற்காக.

"அவ போட்ட மாதிரி நானும் கீறல் போடறேன்" என்றாள் செல்லம். "கையெழுத்து வேணாம். அது என்னோடது. கீறல் போடறேன்."

அப்படியே எடுத்தார்கள். சேவகன் பேனாவை நீட்டினான். செல்லம் வாங்கி, இரண்டு கோடு கீறினாள். இரண்டாவது கோட்டை முடிவில் கொஞ்சம் இழுத்தாள், நகலில் பார்த்தபடியே. யாரும் அதைச் சொல்லித் தரவில்லை. ஒரே முறைதான் எடுத்தார்கள். சொலாஞ்ஜ் வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

செல்லம் போய் நிழலில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஞானசௌந்தரி சிரித்துக்கொண்டே வந்தாள். பெருவிரல் கறுப்பாக இருந்தது.

"உன்னய வேற எடுத்தாங்களாடி?"

"விரல மட்டுந்தான்க்கா. கைக்கு இன்னும் கொஞ்சம் பூசி எடுத்தாங்க. எதுக்கும் இருக்கட்டும்னாங்களாம்."

செல்லம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எதுக்கும் இருக்கட்டும் என்று எடுத்து வைப்பது வீட்டிலும் உண்டு. தடைக்காலம் முடிந்தது. படகுகள் இறங்கின. அவள் பேருந்து ஏறினாள்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் திருஞானசம்பந்தத்தின் பெயருக்கு ஒரு தபால் வந்தது. படத்தின் குறுந்தகடும் ஒரு கடிதமும். கடிதத்தை அவர் படித்தார். படித்துவிட்டு இரண்டு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. எப்படியோ செய்தி குப்பத்துக்குப் போய், மருதையன் என்கிற பஞ்சாயத்துக்காரர் நெரவிக்கே வந்து தகட்டை வாங்கிக்கொண்டு போனார். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த சமூகக் கூடத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்கு டிவியை வைத்தார்கள். வெளியே மழை. கூடம் நிறைந்துவிட்டது. சந்திரா பிள்ளைகளோடு வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். திருஞானசம்பந்தம் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

படம் மெதுவாகப் போனது. பிள்ளைகள் தூங்கின. பாரீஸ் பெண் அழுதபோது, "நல்லாத்தான் அழுவுது" என்று யாரோ சொன்னார்கள். தெரிந்த முகம் வந்தபோதெல்லாம் கைதட்டினார்கள். குப்பத்து முத்தையனின் படகு வந்ததற்கும் கைதட்டினார்கள். பிறகு அந்த மேசை வந்தது.

செல்லத்தின் முகம் திரை முழுவதும் வந்தது. அது நல்ல முகம். அதில் பயம் இல்லை, கெஞ்சல் இல்லை. எதற்கோ களைத்துப்போய், இருந்தும் நின்றுகொண்டிருக்கிற முகம். அந்தப் படத்தில் உண்மையாக இருந்த ஐந்தாறு நொடிகள் அவை என்று சொல்லலாம். அடுத்த நொடி ஒரு கை வந்து ஒரு மணிக்கட்டைப் பிடித்தது. ஒரு பெருவிரல் மையில் ஒத்தித் தாளில் உருண்டது. கறுப்பாக, முழுசாக, ரேகை விழுந்தது. மறுபடி செல்லத்தின் முகம்.

கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

"யக்கா, கடைசில வச்சிட்டியேக்கா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "பேனா குடு, பேனா குடுன்னு அந்த ஆட்டம் ஆடினே, சினிமாக்காரன் விட்டானா பாத்தியா?"

எல்லோரும் சிரித்தார்கள். சந்திரா சிரிக்கவில்லை. அவள் பிறந்ததிலிருந்து அந்த விரலைப் பற்றிய சண்டையைக் கேட்டு வளர்ந்தவள்.

"என்னம்மா, வைக்கலன்னு சொன்னே."

"வைக்கலடி. அது ஞானம் விரலு. நல்லாப் பாரு, என் விரலுல ரேகை அப்புடி முழுசா விழுவுமா?"

"எனக்குத் தெரியும். பாக்குறவங்களுக்கு?"

ஞானசௌந்தரி எழுந்து, "அது என் வெரலு, என் வெரலு" என்று தட்டிக் காட்டினாள். யாரும் நம்பவில்லை. முகம் ஒருத்தி, விரல் ஒருத்தி என்று எவன் எடுப்பான் என்றார்கள்.

கூட்டம் கலைந்ததும் செல்லம் கடைசி வரிசைக்குப் போனாள். திருஞானசம்பந்தம் குடையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"சார், கீறல் போட்டதையும் புடிச்சாங்கல்ல?"

"புடிச்சாங்க."

"அது எங்க போச்சு?"

அவர் கடிதத்தை எடுத்தார். சொலாஞ்ஜ் நீளமாக எழுதியிருந்தாள். அந்தக் காட்சிக்காக இரண்டு மாதம் வாதாடியிருக்கிறாள். படத்துக்குப் பணம் போட்டவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு பெண் பேனாவைப் பிடித்து நிதானமாகக் கோடு போட்டால், அவள் சம்மதித்துப் போனதுபோல் தெரிகிறது, அப்புறம் அநியாயம் எங்கே என்று கேட்டார்கள். கைநாட்டு என்றால் சந்தேகமே வராது. நான் தோற்றுவிட்டேன், அவரிடம் சொல்லுங்கள், என்று முடித்திருந்தாள்.

அவர் படித்துக்காட்டி முடித்ததும் செல்லம் கேட்டாள்.

"பேனா புடிச்சா ஏமாத்த முடியாதாமா?"

"அப்படித்தான் நெனைக்கறாங்க."

"என் முகத்தப் போட்டு அவ விரலப் போட இவங்களுக்கு யாரு சொன்னது? நான் வைக்கமாட்டேன்னு எல்லாரு முன்னாடியும்தானே சொன்னேன். இதுக்கு மனு கொடுக்க முடியாதா?"

திருஞானசம்பந்தம் கடிதத்தை மடித்தார். இந்த இரண்டு வாரமாக அவர் முதல் நாள் கையெழுத்து வாங்கிய தாளில் தன்னிடம் இருந்த பிரதியைத் தேடி எடுத்து, ஒவ்வொரு வரியாகப் படித்திருந்தார்.

"மொத நாள் ஒரு தாள்ல கையெழுத்து போட்டீங்கல்ல. அதுல எழுதியிருக்கு. உருவத்தை எப்படி வேணா வெட்டலாம், எதோட வேணா சேக்கலாம், கேள்வி கேக்க மாட்டேன்னு."

"நான் கேட்டேனே, என்னா எழுதியிருக்குன்னு."

"கேட்டீங்க. நான்தான் ஒண்ணுமில்லன்னு சொன்னேன்."

செல்லம் கோபப்படுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவளிடம் அதற்குத் தெம்பு இல்லை.

"அப்ப உருட்டுனவளுகளுக்கும் எனக்கும் ஒரே தாள்தான்."

"ஒரே தாள்தான்."

"அத்தினி நாளு வலைக் கொட்டாயில உக்காந்து படிச்சேன் சார்" என்று மட்டும் சொன்னாள். பிறகு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் நடந்தாள். சந்திரா குடையோடு பின்னால் ஓடினாள்.

பத்து நாள் அவள் மீனுக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்றாள். பதினொன்றாம் நாள் போனாள். நெரவியில் திருஞானசம்பந்தத்தின் வீட்டு வாசலில் வழக்கம்போல் கூடையை இறக்கினாள். மீனின் தலையைத் தனியாக வைத்துக்கொடுத்தாள்.

2009-இல் சுனாமிக் குடியிருப்பு வீடுகளை ஒப்படைத்தார்கள். சமூகக் கூடத்தில் மேசை, நாற்காலி, அட்டையில் செருகிய நாலு பக்கத் தாள்கள். மேசைமேல் மைத்தட்டும் இருந்தது, பேனாவும் இருந்தது. வரிசையில் நூற்றிருபது பேர். செல்லத்தின் முறை வந்தது. எழுத்தர் அவளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்போல. கேட்பதற்கு முன்பே பேனாவை நீட்டினார்.

அவள் வாங்கவில்லை.

"என்னா எழுதியிருக்கு?"

"வீடு குடுத்ததுக்குத்தாம்மா. போடுங்க."

"படிங்க."

"நாலு பக்கம் இருக்கு."

"படிங்க. தமிழ்லதானே இருக்கு. நானே படிச்சா பொழுது போயிரும்."

அவர் மேலே பார்த்தார், வரிசையைப் பார்த்தார், படிக்கத் தொடங்கினார். வீட்டை விற்கக்கூடாது, வாடகைக்கு விடக்கூடாது, சுவரை இடிக்கக்கூடாது. செல்லத்துக்கு முழங்கால் வலி. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால், "இனிமே இது வேறயா" என்று மருதையனே முனகினார். "கிழவி நம்மள இங்கயே சமாதி கட்டிட்டுத்தான் போவும்" என்று இன்னொரு குரல். ஞானசௌந்தரி மட்டும் திரும்பி, "கேட்டா என்னா, உனக்கும் சேத்துத்தானே படிக்கறாரு, வாய மூடு" என்றாள்.

எழுத்தரின் குரல் வேகமாகிக்கொண்டே போனது. சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டின. பாதி அவளுக்குப் புரியவில்லை. புரியாத இடத்தில் நிறுத்தச் சொல்லலாம்தான். அதற்கு நாள் பூராவும் ஆகும். அவள் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் எச்சில் தொட்டுத் தாளைத் திருப்பினார்.

"சார்."

"என்னம்மா?"

"ரெண்டு தாளு சேந்து திரும்பிருச்சு" என்றாள் செல்லம்.